தாய் ஜாடி நலம்

சல்லடையை இடது கையில் ஏந்தி, வலது உள்ளங்கையின் ஓரத்தால் அதன் விளிம்பை மூன்று முறை தட்ட வேண்டும். இரண்டோடு நிறுத்தினால் பாதி வண்டுகள் பயற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். நான்காவது முறை தட்டினால் மிரண்டு பறந்து மூக்கிலும் காதிலும் ஏறும். பயறு ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில், கடைசி அறையில், காலை எட்டரை மணிக்கு வண்டக்கா இந்த மூன்று தட்டுகளை இருபத்தாறு வருடமாகத் தட்டி வருகிறாள்.

அவளுக்கு வேறு பெயர் இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஒருமுறை அவள் வீட்டுக்காரர் வாசலில் வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டபோது காவலாளி யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படி யாரும் இங்க வேலை செய்யலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். "இருபது வருஷமா தினமும் எங்கடி போயிட்டு வர்ற?" என்று அவர் அன்று முழுக்கக் கேலி செய்தார்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. மூலையில் ஒரு ஹீட்டர், அதன் முன்னால் அகலத் தட்டில் தண்ணீர். எப்போதும் ஒரே வெக்கை, ஒரே ஈரம். சுவரோரம் இரும்பு அலமாரிகளில் அறுபது கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றின் வாயிலும் மெல்லிய துணி, துணியைச் சுற்றி ரப்பர் பேண்டு. உள்ளே பாசிப்பயறும் பயறு வண்டும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கொல்ல வேண்டியதைப் போய் வளக்குறீங்களே" என்பார்கள்.

"சாப்பாடு போடுறது மட்டும்தாங்க என் வேலை. எந்தப் பயறைத் தின்ன முடியுது, எதைத் தின்ன முடியலன்னு பாக்குறது மேடம்" என்று பதில் சொல்வாள்.

வண்டு வெளியே வந்தபின் ஒன்றும் தின்பதில்லை. பத்து நாள் உயிரோடு இருக்கும். அதற்குள் பயற்றின் தோல்மேல் முட்டையை ஒட்டிவிட்டுச் செத்துவிடும். முட்டை முதலில் கண்ணாடிபோல இருக்கும். நான்கைந்து நாளில் பால்வெள்ளையாகும். வெள்ளையானால் புழு உள்ளே இறங்கிவிட்டது என்று அர்த்தம். முட்டையின் அடிப்பக்கத்திலிருந்தே துளைத்துக்கொண்டு போவதால், அது உள்ளே நுழைவதை யாரும் பார்த்ததில்லை. அந்த ஒரு பயறுதான் அதற்கு வீடு, சாப்பாடு எல்லாம். வளர்ந்து முடிந்ததும் தோலுக்கு அடியில் வட்டமாகக் குடைந்து, தோலை மட்டும் மிச்சம் வைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அதை ஜன்னல் என்பார்கள். ஜன்னல் தெரிந்த மூன்றாம் நாள் உள்ளே இருப்பது தலையால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வரும்.

வண்டக்கா முதலில் அங்கே பெருக்கித் துடைக்க வந்தவள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வந்த இரண்டாம் நாள், விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே டாக்டர் மேடத்தின் அறை வாசலில் போய் நின்றாள். மேடம் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்த விஞ்ஞானி.

"அந்தக் கடைசி ரூம்ல யாரோ பேசிக்கிட்டே இருக்காங்க மேடம். உள்ள போய்ப் பாத்தா ஆள் இல்ல."

மேடம் சிரிக்கவில்லை. மறுநாள் ஐந்து ஜாடிகளைத் துணியால் மூடி வைத்து, "எதுல பேச்சு கேக்குது?" என்றார். வண்டக்கா ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் வைத்தாள். மணலில் யாரோ செருப்பில்லாமல் நடப்பதுபோல, காய்ந்த தாளில் பேனா ஓடுவதுபோல ஒரு சத்தம். மூன்றைச் சொன்னாள். மூன்றும் சரி. பல ஆயிரம் புழுக்கள் கடிக்கும் சத்தம் அது.

"காது நல்ல காதுதான். ஆனா காதுக்கு யூனிட் கிடையாது. கேட்டதை எழுத முடியாது. எண்ணக் கத்துக்குங்க" என்றார் மேடம்.

எண்ணக் கற்றுக்கொண்டாள். ஒரு ஜாடிக்கு ஐம்பது பயறு, ஐந்து ஜோடி வண்டு. முட்டை எத்தனை, ஓட்டை எத்தனை. நாற்பத்தைந்தாம் நாளோடு கணக்கை முடிக்க வேண்டும், அதுதான் விதி. அதன்பின் பயற்றை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துக் கொன்றுவிட்டுக் கொட்ட வேண்டும். சோதனைக்கு வேண்டிய வண்டுகளை எல்லாம் ஒரே ஒரு பெரிய ஜாடியிலிருந்து எடுப்பார்கள். அது தாய் ஜாடி. அதற்குத் தனியாக ஒரு நோட்டு. அதில் தினமும் தேதி போட்டு நிலைமையை எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல், தான் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் வருகிற முதல் வார்த்தையை எழுதினாள்: நலம். யாரும் திருத்தவில்லை. அன்றிலிருந்து தினமும் நலம்தான்.

பதினான்கு வருடத்துக்கு முன், ஒரு வறண்ட மலைச்சரிவிலிருந்து பறித்து வந்த காட்டுப்பயற்றை மேடம் ஒரு காகிதக் கவரில் கொண்டுவந்தார். மிளகைவிடச் சின்னது, கறுப்பு. அதில் வண்டு விட்டார்கள். பயற்றுக்கு ஆறு, ஏழு என்று முட்டை வைத்தது. எல்லாம் வெள்ளையானது. முப்பது நாள் ஆனது, நாற்பத்தைந்து ஆனது. ஒரு ஓட்டைகூட இல்லை. வண்டக்கா அந்த ஜாடியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டென்று கீழே வைத்தாள். ஒரு வீட்டுக்குள் முந்நூறு பேர் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கதவில் காது வைத்தால் மூச்சுச் சத்தம்கூட இல்லை என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"உள்ள போன எல்லாம் என்னாச்சு மேடம்?"

"முதல் கடியிலேயே செத்துப்போச்சு. இந்தப் பருப்புல என்னமோ இருக்கு."

அந்த என்னமோவைச் சாதாரணப் பாசிப்பயற்றுக்குக் கொண்டுவரத்தான் பதினான்கு வருடம். காட்டுப்பயற்றையும் நாட்டுப்பயற்றையும் சேர்த்தார்கள். பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஊமை. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் நானூறு. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குப்பியில் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினாள் வண்டக்கா. முந்நூற்று நான்கில் ஓட்டை இல்லை. தொண்ணூற்றாறில் ஓட்டை. தாளைப் பார்த்ததும் மேடம் புடவை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணுக்கு ஒண்ணு. ஒரே ஒரு மரபணு, வண்டக்கா. ஒரே ஒரு பூட்டு."

"மூணு ஊமை, ஒரு வாயாடி" என்றாள் வண்டக்கா. நிலையம் முழுக்க அதன்பின் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தக் கணக்கில்தான் அவள் முதன்முதலாகத் தப்புச் செய்ததும். செடிக்குப் போட்ட தலைமுறை எண்ணையே அதன் பயற்றுக்கும் போட்டுவிட்டாள். மேடம் ஒரு பயற்றை ஊறவைத்துத் தோலை உரித்துக் காட்டினார். "இந்தத் தோல் அம்மாவோடது. உள்ள இருக்குற பருப்பு பிள்ளையோடது. ஒரே பயறுக்குள்ள ரெண்டு தலைமுறை. வண்டு அம்மாவை நம்பி முட்டை வைக்குது. சாகுறது பிள்ளைகிட்ட."

அன்று சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னபோது, அவள் வீட்டுக்காரர் மகளைக் காட்டி, "சரியாப் போச்சு. தோல் உன்னோடது, உள்ள முழுக்க என்னோட பிடிவாதம்" என்றார். அவருக்கு மைக் செட் தொழில். ஆளுயரப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று ஒரு காது போய்விட்டது, மற்றது பாதி. அவளுக்கோ புழு கடிப்பது கேட்கும். "ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒரு நல்ல காது வரும்" என்பார்.

ஊமைகளில் சிறந்தது நாற்பத்தோராவது வரிசையில் நின்ற செடி. அதனால் அதற்குப் பெயரும் நாற்பத்தொன்று. பெரிய மணி, நல்ல பச்சை, சீக்கிரம் வேகும். பத்து முறை சோதித்து, பத்து முறையும் ஓட்டை பூஜ்யம். இந்த வருடம் அதை வெளியே விடப் போகிறார்கள். முப்பது ஊர்களுக்கு விதை மூட்டை தயார். மருந்து தடவ வேண்டாம், வெறும் சாக்கில் கட்டி வைத்தாலே போதும் என்று விவசாயிகளுக்குச் சொல்லப் போகிறார்கள். முடிவு சொல்ல வேண்டிய குழு அடுத்த புதன்கிழமை வருகிறது. மாதக் கடைசியில் மேடத்துக்கு ஓய்வு.

குழு கண்ணால் பார்க்கட்டும் என்று, கடைசிச் சோதனையின் பத்து ஜாடிகளை மேடம் ஃப்ரீசருக்கு அனுப்பாமல் தன் அறையிலேயே கண்ணாடி அலமாரியில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்திட்ட தாளை ஒட்டி வைத்திருந்தார். நாற்பத்தைந்தாம் நாள் எண்ணியாகிவிட்டது. பத்திலும் பூஜ்யம்.

ஐம்பத்துமூன்றாம் நாள் காலை, வண்டக்கா அந்த அலமாரியைத் துடைக்கப் போனாள். மேடம் இன்னும் வரவில்லை. மின்விசிறி ஓடவில்லை. துணியை மடித்து மேல்தட்டின் விளிம்பில் வைத்தபோது, முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். பிறகு ஜாடிகளைப் பார்த்தாள்.

ஒன்றை எடுத்துக் காதில் வைத்தாள். மணலில் செருப்பில்லாத கால். அடுத்ததையும் எடுத்தாள். பத்தில் ஏழு பேசின. இத்தனை வருடமாக ஒரு வார்த்தை பேசாத நாற்பத்தொன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. அதே பச்சை, அதே வெள்ளை முட்டைகள், ஓட்டை இல்லை, ஜன்னல் இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பார்க்க அத்தனை சுத்தம்.

ஜாடிகளைத் துடைத்து, தாள் முன்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தாள். பின்கட்டுக்குப் போய் மூன்று தட்டுத் தட்டினாள். நோட்டில் தேதி போட்டு நலம் என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தாய் ஜாடியை நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஏழு ஜாடிகளுக்குள் இருப்பது யாருடைய பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு மழையில் ஸ்டோர் ரூம் கூரை ஒழுகி, வண்டுகளுக்குப் போடும் சாதாரணப் பயறு முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. ஸ்டோர்காரர், "அடுத்த வாரம் வந்துடும்க்கா" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். ஒன்பது வாரம் சொன்னார். மேடம் அப்போது ஆறு மாதப் பயிற்சிக்கு வெளிநாடு போயிருந்தார். தாய் ஜாடியில் பயறு தீர்ந்தது. வண்டு பத்து நாளில் செத்துவிடும், முட்டை வைக்கப் பயறு இல்லை என்றால் வம்சமே போச்சு. கடையில் வாங்கலாம் என்றால் அதில் மருந்து இருக்கும். கையில் இருந்தது சோதனை முடிந்த நாற்பத்தொன்று நான்கு பாக்கெட். ஓட்டையே விழாத நல்ல பயறு. வீட்டில் மிச்சம் மீதியைக் கூட்டிக் கிண்டிச் சமாளிக்கிறவள் அவள். அதை அப்படியே தாய் ஜாடியில் கொட்டினாள்.

வண்டுகள் முட்டை வைத்தன, செத்தன. முட்டை வெள்ளையானது. அதன்பின் தாய் ஜாடி ஊமையாகிவிட்டது.

அந்த அறையில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை. மற்ற ஜாடிகளும் ஒவ்வொன்றாகக் காலியாக, கடைசியில் ஹீட்டர் சத்தம் மட்டும் இருந்தது. முப்பது நாள். நாற்பத்தைந்து நாள். இருபது வருட வம்சத்தைத் தன் கையால் அழித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனாலும் காலையில் வந்து, செத்த ஜாடியைத் துடைத்து, நோட்டில் நலம் என்று எழுதினாள். மேடம் திரும்பி வருவதற்குள் என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி எழுதினாள்.

அறுபத்துமூன்றாம் நாள் பதினொன்று வெளியே வந்தன.

வழக்கமானதைவிடச் சின்னவை, கறுத்தவை. துணியைத் திறந்தபோது பறக்கவில்லை. ஜாடியின் ஒரே பக்கமாக, அவள் நின்ற பக்கமாக, கண்ணாடியில் ஏறி வரிசையாக நின்றன. அவள் அழுதாள். பிழைத்துவிட்டீர்களே என்று அழுதாள். அந்த வாரமே ஸ்டோர்காரர் புதுப்பயறு கொண்டுவந்தார். இரண்டு தலைமுறையில் தாய் ஜாடி நிரம்பிப் பழையபடி பேசியது. மேடம் வந்து நோட்டைப் புரட்டிப் பார்த்து, "நான் இல்லாதப்பவும் எல்லாம் நல்லா ஓடிருக்கு" என்றார். வண்டக்கா தலையாட்டினாள். அதன்பின் ஒவ்வொரு சோதனை முடிந்ததும், நாற்பத்தொன்றின் மிச்சத்தை ஃப்ரீசருக்கு அனுப்பாமல் தாய் ஜாடியிலேயே கொட்டுவது வழக்கமாகிவிட்டது. அவற்றுக்குப் பழகின சாப்பாடு. எதற்கு வீணாக்க வேண்டும்?

ஆறு வருடம் அப்படி. தாய் ஜாடியில் எந்த ஓட்டை எந்தப் பயற்றில் என்று யார் பார்க்கிறார்கள்.

ஐம்பத்துநான்காம் நாள், ஐம்பத்தைந்தாம் நாள். மேடம் புத்தகங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். "எனக்குப் பின்னாடி ஏதாவது ஒண்ணு நிக்கணும் இல்ல, வண்டக்கா? இந்தப் பயறு நிக்கும்" என்றார். அவர் தலைக்குப் பின்னால் ஏழு ஜாடிகள் பேசிக்கொண்டிருந்தன. அறுபதை நெருங்கிய மேடத்தின் காதுக்கு அது எட்டவில்லை. வண்டக்காவுக்கு மேடம் சொல்வதைவிட அதுதான் தெளிவாகக் கேட்டது.

சொன்னால் பதினான்கு வருடம் போகும். ஆறு வருடத்துக்கு முன் எழுதிய பொய் வெளியே வரும். சொல்லாவிட்டால்? அவளுடைய வண்டுகள் அவள் அறைக்குள்தானே இருக்கின்றன. முப்பது ஊருக்கும் அவற்றுக்கும் என்ன சம்பந்தம். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சாயங்காலம் நிலையத்தின் வாசலில் வழக்கம்போல முந்தானையை உதறினாள். இருபத்தாறு வருடமாக உதறுகிறாள். எப்போதாவது ஒன்று விழும். அன்றும் ஒன்று விழுந்தது. பறக்கவில்லை. நடந்து புல்லுக்குள் போனது.

ஐம்பத்தொன்பதாம் நாள் ஞாயிறு. மதியம் அவள் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து, ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாள். குழாயை மூடியதும் சத்தம் கேட்டது.

"ஏங்க, ஏதாவது கேக்குதா?"

"என்ன?"

"ஏதாவது கேக்குதான்னு கேட்டேன்."

"எனக்கு எப்பவும் ஒரு 'கொய்ங்' கேட்டுக்கிட்டேதான் இருக்கு. நான் யார்கிட்ட சொல்ல?"

அலமாரியின் மேல்தட்டில் பயறு டின். மூன்று மாதத்துக்கு முன், வெந்த ருசி எப்படி என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எல்லா ஊழியர்களுக்கும் ஆளுக்கு இரண்டு கிலோ நாற்பத்தொன்று கொடுத்திருந்தார்கள். பாதி சமைத்தாயிற்று. அவள் ஸ்டூலில் ஏறி டின்னை இறக்கினாள். காதில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. தகரம் கையிலேயே லேசாக அதிர்ந்தது, உள்ளே யாரோ விரல் நுனியால் தடவுவதுபோல.

மூடியைத் திறந்தாள். மேலாக ஒரு வண்டு நின்றது. சின்னது, கறுத்தது. வெளிச்சம் பட்டும் அது ஓடவில்லை. அவள் இருந்த பக்கம் திரும்பியது. அதன் பக்கத்தில் ஒரு பயறு, பயற்றில் ஒரே ஒரு ஓட்டை, கருவி வைத்துப் போட்டதுபோல வட்டமாக.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று அவர் எழுந்து வந்து டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். "ப்பூ, வண்டு. வெயில்ல காயவெச்சா போயிடும்."

"இது போகாதுங்க."

"உனக்குத் தெரிஞ்ச வண்டா?" என்று சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். டின்னின் மூடியை அவரே எடுத்து அழுத்தி மூடினார்.

மறுநாள் எட்டரை மணிக்கு வண்டக்கா சல்லடையைத் தொடவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தோடு நேராக மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் சுவரிலிருந்து சான்றிதழ்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"என்ன இது?"

"நம்ம நாப்பத்தொண்ணு மேடம். எங்க வீட்டு டின்ல இருந்து."

மேடம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். "கடைப் பயறு கலந்திருக்கும்."

"எங்க வீட்டுல வேற பயறு இல்ல. அந்த அலமாரி ஜாடியை எடுத்துக் காதுல வெச்சுப் பாருங்க மேடம்."

"காலங்காத்தால என்ன வண்டக்கா? காதுக்கு யூனிட்..."

"அப்ப கண்ணால பாருங்க. இன்னிக்கு அறுபதாம் நாள்."

மேடம் லென்ஸை எடுத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தார். முதல் ஜாடி, இரண்டாவது ஜாடி. மூன்றாவதில் லென்ஸ் நின்றது. அப்படியே நின்றது. பிறகு தன் கையெழுத்திட்ட தாளைத் தானே கிழித்து, துணியை எடுத்து, ஒரு பயற்றை இடுக்கியால் வெளியே எடுத்தார். தோல்மேல் சாம்பல் நிறத்தில் வட்டம். பிளேடால் கீறினார். உள்ளே பருப்பு என்று ஒன்றுமே இல்லை. அம்மாவின் தோல் மட்டும்தான் மிச்சம். அதற்குள் கால்களை மடக்கிக்கொண்டு, முழுசாக, நிறம் ஏறாத ஒரு வண்டு. அது தலையை அசைத்தது.

"எங்கேருந்து வந்துச்சு இது?" மேடத்தின் குரல் வேறு யாருடையதோபோல இருந்தது.

வண்டக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பூசணம், ஒன்பது வாரம், நான்கு பாக்கெட், பதினொன்று. அதன்பின் கொட்டிய மிச்சம். சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"எல்லாத்தையும் கொன்னுட்டு, சாகாததா பாத்துப் பதினொண்ணைப் பொறுக்கி எடுத்து வளத்திருக்கீங்க" என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை, தாளில் இருப்பதை வாசிப்பதுபோலச் சொன்னார். "நான் இங்க உக்காந்து பூட்டு செஞ்சிட்டிருந்தேன். நீங்க பின்கட்டுல சாவி செஞ்சிருக்கீங்க."

"எனக்குத் தெரியாது மேடம். சோறு இல்லாத பிள்ளைக்கு இருந்ததைப் போட்டேன்."

"அறுபத்துமூணு நாள் நலம்னு எழுதிருக்கீங்க."

"எழுதினேன்."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே ஒரு வண்டியில் விதை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எண்ணிக்கை சொல்லச் சொல்ல மற்றவன் திருப்பிச் சொன்னான்.

"விதிப்படி கணக்கு நாப்பத்தஞ்சு நாள்" என்றார் மேடம், மேசையைப் பார்த்தபடி. "நாப்பத்தஞ்சுல பூஜ்யம். அது பொய் இல்ல."

"பொய் இல்ல மேடம்."

"இந்தப் பத்தையும் இப்பவே ஃப்ரீசர்ல வெச்சா, ஜன்னல் ஜன்னலாவே நின்னுடும். லென்ஸ் இல்லாம பாத்தா தெரியாது." இதைச் சொல்லிப் பார்ப்பவர்போலச் சொன்னார். கடையில் ஒரு செருப்பைப் போட்டு நடந்து பார்ப்பதுபோல. "தாய் ஜாடியையும் அழிச்சிட்டு, வேற இடத்துல இருந்து வண்டு வாங்கிக்கலாம்."

"எங்க வீட்டு டின்னு?" என்றாள் வண்டக்கா. "இருபத்தாறு வருஷமா கேட்டுக்குப் பக்கத்துல முந்தானைய உதறியிருக்கேன் மேடம். அந்தப் புல்லு?"

மேடம் அலமாரியைப் பார்த்தார். அறை முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. ஏழு இல்லை, இப்போது பத்தும்.

வண்டக்கா பின்கட்டுக்குப் போய்த் தாய் ஜாடியின் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறந்து, மேசையின் ஓரத்தில் வைத்து, நின்றபடியே குனிந்து முதல் நலத்தின்மேல் ஒரு கோடு போட்டாள். அடுத்ததன்மேலும் போட்டாள். அவசரப்படவில்லை. காய்ந்த தாளில் பேனா ஓடிய சத்தமும் ஜாடிகளின் சத்தமும் ஒன்றாகவே இருந்தன. எது எது என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை. அறுபத்துமூன்றாவது கோட்டுக்குக் கீழே, தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: 'இந்த நாட்களில் நாற்பத்தொன்றை மட்டும் போட்டேன். மற்றதெல்லாம் செத்தது. பதினொன்று வெளியே வந்தன. இப்போது இருப்பதெல்லாம் அவற்றின் பிள்ளைகள்.' அதன் கீழே, வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்த தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

நோட்டை மேடத்தின் பக்கம் திருப்பி வைத்து, பேனாவை மூடாமல் அதன்மேல் வைத்தாள்.

"சரி பாத்தவங்க கையெழுத்து ஒண்ணு வேணும் மேடம். போடுறீங்களா?"

மேடம் மூன்றாவது ஜாடியை எடுத்திருந்தார். இரண்டு கையாலும் பிடித்து, கண்களை மூடி, காதோடு சேர்த்து வைத்திருந்தார். புருவம் சுருங்கியிருந்தது. கேட்கிறதா, கேட்கவில்லையா என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை.

வெளியே எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிவிட்டிருந்தது.

"மேடம்?"

பிறகு வண்டக்கா முந்தானையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அங்கே உதறாமல், அதைக் கையில் சேர்த்துப் பிடித்தபடி அறையை விட்டு வெளியே போனாள்.